நோயாளியின் மொழியில் அறம் கண்ட வைத்தியர்

திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டை வீதி வழியாக வடக்கு நோக்கிச் செல்வோர் நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி ஆகிய ஊர்களைக் கடந்து திரியாயை அடைவர். ஏறத்தாழ 45 கிலோமீற்றர் தூரப் பயணம் அது. ஒருபுறம் கடல், மறுபுறம் வயலும் காடும். பல்லவ கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்ட சமஸ்கிருதக் கல்வெட்டொன்றைத் தன்னகத்தே கொண்ட தொன்மை வாய்ந்த ஊர் திரியாய். 1985 ஆம் ஆண்டில் தீக்கிரையாக்கப்பட்டு, மக்கள் திக்குத் திசையின்றிச் சிதறி, பல்லாண்டுகளின் பின்னர் மீண்டும் வந்து குடியேறிய ஊரும் அதுவே. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் ஒரே கடலையும் ஒரே வீதியையும் நம்பி வாழும் கரையோரம் இது.

அவ்வூரில் நாம் சந்தித்த ஒரு தாயாரின் கதை எம்மை நெடுநாளாக வாட்டி வருகிறது. வயிற்று நோவினால் அவதிப்பட்ட அவர், மாகாணத்துக்கு வெளியே தொலைவிலுள்ள பெரிய வைத்தியசாலை ஒன்றுக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்த இளம் வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. தாயாருக்குத் தமிழைத் தவிர வேறெதுவும் தெரியாது. அவரை ஏற்றிச் சென்ற வான் சாரதி அயலூரைச் சேர்ந்த முஸ்லிம் சகோதரர். அவருக்குச் சிங்களம் தெரியும். கட்டிலருகே நின்று வைத்தியர் கூறியவற்றை அவரே தமிழில் எடுத்துரைத்தார். ஆனால், கருப்பையை அகற்ற வேண்டும் என்ற இடம் வந்தபோது, தாய் வயதுடைய ஒரு பெண்ணிடம் அதை எவ்வாறு சொல்வது எனக் கூசி, வயிற்றில் ஒரு சத்திரசிகிச்சை என்று மாத்திரம் கூறி நிறுத்திக்கொண்டார். தாயாரும் தமக்கு வாசிக்கத் தெரியாத படிவத்தில் கைநாட்டு வைத்தார். சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. நோயும் தீர்ந்தது. ஆயினும், தம் உடலிலிருந்து எது எடுக்கப்பட்டது என்பதை அவர் அறிந்துகொண்டது வீடு திரும்பிப் பல மாதங்கள் கழிந்த பின்னரே.

இதில் குற்றவாளி யார்? உயிரைக் காத்த வைத்தியரா? பண்புடன் நாவடக்கிய சாரதியா? ஓய்வின்றி உழைத்த தாதியரா? எவரையும் நாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. அனைவரும் நல்லெண்ணத்துடனேயே நடந்துகொண்டனர். இருந்தும் ஒரு பெண்ணின் உரிமை அவரறியாமலே பறிபோயிற்று. நல்லவர்கள் பலர் கூடியிருந்தும் நியாயமான முடிவொன்று பிறக்கவில்லை என்றால், குறைபாடு தனிமனிதரிடம் இல்லை, அவர்களைத் தாங்கி நிற்க வேண்டிய ஏற்பாட்டில்தான் உள்ளது என்பது தெளிவு. இவ்வேளையில் எமது நினைவுக்கு வருபவர், இற்றைக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் நூற்றாண்டுக்கு முன்னர் இதே சிக்கலை யாழ்ப்பாணத்தில் எதிர்கொண்டு, அதற்குத் தம் வாழ்நாளையே விடையாக அளித்துச் சென்ற டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவார்.

கிறீன் 1822 ஆம் ஆண்டு ஒக்டோபர் 10 ஆம் திகதி அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் நகரில், கிறீன் ஹில் எனும் குடும்பப் பண்ணை வீட்டில் பிறந்தார். தந்தையார் சட்டத்தரணி. பிள்ளைகள் பலர் நிறைந்த குடும்பம். இவருக்கு மூத்தவரான அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன், நியூயோர்க் மாநகரின் உருவாக்கத்திலும் அங்குள்ள புகழ்பெற்ற சென்ட்ரல் பார்க் பூங்காவின் அமைப்பிலும் பெரும் பங்காற்றியவர். அண்ணன் ஒரு மாநகரை உருவாக்கினார். தம்பியோ கடல்கடந்து வந்து ஒரு மொழிக்குள் மருத்துவத்தை உருவாக்கினார். அண்ணனுடைய நகரில் குடியிருந்து செல்வமும் செல்வாக்கும் பெற்றிருக்கக்கூடிய வாய்ப்பைத் தம்பி தாமாகவே துறந்தார் என்பது ஈண்டு கவனத்திற் கொள்ளத்தக்கது.

நியூயோர்க்கிலுள்ள மருத்துவக் கல்லூரியில் பயின்று 1845 ஆம் ஆண்டில் வைத்தியப் பட்டம் பெற்றார் கிறீன். மருத்துவ உலகம் பெரும் மாற்றத்தின் வாயிலில் நின்ற காலம் அது. ஈதர் எனும் மயக்கமருந்தைக் கொண்டு நோவின்றிச் சத்திரசிகிச்சை செய்யலாம் என்பது அவருடைய சொந்த மாநிலத்தின் தலைநகரான பொஸ்டனில் 1846 இல் பகிரங்கமாக மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால், நோய்களுக்குக் கிருமிகளே காரணம் என்ற அறிவு அப்போது மருத்துவருக்குக் கிட்டியிருக்கவில்லை. அறிவும் அறியாமையும் சரிபாதியாகக் கலந்திருந்த அத்தகையதொரு காலத்திலேயே, 1847 இல், தமது 25 ஆவது வயதில், அமெரிக்க மிஷனின் வைத்தியராக அவர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

அவருக்கு முன்பே அமெரிக்க வைத்தியர்கள் இங்கு பணியாற்றியிருந்தனர். 1820 இல் பண்டத்தரிப்பில் பணியைத் தொடங்கிய டொக்டர் ஜோன் ஸ்கடர் அவர்களுள் முதல்வர். வேலூரில் புகழ்பெற்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் இவருடைய பேத்தியே. ஸ்கடர் சென்னைக்குச் சென்றதன் பின்னர் டொக்டர் நேதன் வோட் அப்பணியைத் தொடர்ந்தார். அவருக்கு அடுத்து வந்தவரே கிறீன். முதலில் வட்டுக்கோட்டையிலும் பின்னர் 1848 முதல் மானிப்பாயிலும் அவர் நிலைகொண்டார். இன்று மானிப்பாயில் அவருடைய பெயரைத் தாங்கி நிற்கும் வைத்தியசாலையின் தொடக்கம் அதுவே.

மானிப்பாய்க்கு வந்த அவ்வாண்டிலேயே உள்ளூர் இளைஞர் சிலரைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கவும் தொடங்கினார். கொழும்பில் மருத்துவக் கல்லூரி 1870 இலேயே ஆரம்பமாயிற்று என்பதை எண்ணிப் பார்க்கும்போது, அதற்கு 22 ஆண்டுகள் முன்னரே யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் மேலைத்தேய மருத்துவம் முறையாகக் கற்பிக்கப்பட்டது என்பதன் சிறப்பு விளங்கும். 1850 இல் யாழ்ப்பாண அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியால் உருவான, பின்னாளில் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியாக வளர்ந்த வைத்தியசாலைக்கும் கிறீனின் மாணவர்கள் துணைநின்றனர்.

இவ்விடத்தில் ஒரு வரலாற்று ஒற்றுமையைச் சுட்டாதிருக்க முடியவில்லை. யாழ்ப்பாணம் நல்லூர் ஈன்ற ஆறுமுக நாவலர் பிறந்ததும் அதே 1822 இல்தான். கிறீன் யாழ்ப்பாணத்தில் காலடி வைத்த 1847 ஆம் ஆண்டின் இறுதி நாளிலேயே நாவலர் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் தமது முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். கிறீன் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கிய 1848 இலேயே நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். ஒருவர் மிஷன் வைத்தியர். மற்றவர் மிஷனரிமாரின் மதமாற்ற முயற்சியை எதிர்த்து நின்ற சைவப் பெரியார். சமயத்தில் இருவரும் இரு துருவங்கள். ஆயினும், அறிவை மக்களின் மொழியிலேயே மக்களிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்பதில் இருவரும் ஒரே பாதையில் நடந்தனர். தமிழ் உரைநடைக்கு நாவலர் எப்படியோ, மருத்துவத் தமிழுக்குக் கிறீன் அப்படி எனலாம்.

ஆனால், தொடக்கத்திலேயே கிறீன் அந்த முடிவுக்கு வந்துவிடவில்லை. முதல் பத்தாண்டுகளில் அவர் கற்பித்தது ஆங்கிலத்திலேயே. நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. ஆசிரியர் ஆங்கிலேய மொழியினர். மாணவரும் மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்றவர்கள். எல்லாம் இயல்பாகவே நடந்தது. விளைவோ வேறாயிற்று. ஆங்கிலத்தில் மருத்துவம் கற்றுத் தேறியவர்கள் அரசாங்க உத்தியோகத்தையும் தூர இடங்களில் கிடைத்த கூடிய சம்பளத்தையும் நாடிச் சென்றனர். எந்தக் கிராமத்து நோயாளிக்காக அவர்கள் பயிற்றப்பட்டனரோ, அந்தக் கிராமம் வைத்தியரின்றி முன்போலவே கிடந்தது. தங்கியிருந்தோரும் தாம் கற்றதை நோயாளிக்கு விளங்கும் சொற்களில் எடுத்துரைக்க இடர்ப்பட்டனர்.

பத்தாண்டுச் சேவையின் பின்னர் உடல்நலங் கருதித் தாயகம் திரும்பிய கிறீன், 1862 இல் மார்கரட் அம்மையாரை மணமுடித்து, அவ்வாண்டிலேயே மீண்டும் மானிப்பாய்க்கு வந்தார். இரண்டாவது தடவை வந்தவர் வெறும் வைத்தியராக வரவில்லை. தமது முதற் பத்தாண்டின் பலனையும் பிழையையும் சீர்தூக்கிப் பார்த்தவராக வந்தார். 1864 இல் அவர் ஒரு முடிவை எடுத்தார். இனிமேல் மருத்துவம் தமிழிலேயே கற்பிக்கப்படும் என்பதே அது.

இம்முடிவை வெறும் மொழிப்பற்று எனக் கொள்வது பொருந்தாது. கிறீன் தமிழர் அல்லர். தமிழால் அவருக்கு ஆவதொன்றுமில்லை. ஆங்கிலத்தில் கற்பிப்பதே அவருக்கு எளிது, மாணவருக்கும் அதுவே வருவாய் தருவது. தமிழில் கற்பிப்பதாயின் பாடநூல் இல்லை, கலைச்சொல் இல்லை, கற்று வெளியேறுவோருக்கு உயர் உத்தியோகமும் இல்லை. இத்தனையும் தெரிந்திருந்தும் அவர் தமிழைத் தேர்ந்தார் என்றால், அவர் தம்மைத்தாமே கேட்டுக்கொண்ட கேள்வி வேறு என்பது புலனாகும். எது எமக்கு வசதி என்பதை விடுத்து, எது நோயாளிக்கு நன்மை என்று அவர் கேட்டார். மருத்துவ அறத்தின் முதற் பாடம் இதுவேயாகும். தாம் அதுவரை சரியென நம்பிச் செய்துவந்த ஒன்று பிழையென உணர்ந்ததும் அதனை மாற்றிக்கொள்ளும் துணிவு இரண்டாவது பாடம்.

முடிவெடுப்பது ஒரு நாள் வேலை. அதனை நிறைவேற்றுவதற்கு இருபது ஆண்டுகள் பிடித்தன. 1850 களிலேயே உடலமைப்பு, உடற்றொழில், சுகாதாரம் ஆகியவற்றைக் கூறும் கட்டரின் நூலையும் மகப்பேற்று மருத்துவம் பற்றிய மோன்செலின் நூலையும் அவர் தமிழாக்கியிருந்தார். பிரசவ வைத்தியம் எனும் பெயரில் பின்னையது 1857 இல் வெளிவந்தது. இரண வைத்தியம் எனும் சத்திரசிகிச்சை நூல் 1867 இல் வந்தது. 1858 இல் லண்டனில் முதன்முதலாக வெளிவந்த கிரேயின் உடற்கூற்று நூல், பதினான்கே ஆண்டுகளில், 1872 இல், மனுஷ அங்காதிபாதம் என்ற பெயரில் தமிழுக்கு வந்துவிட்டது. அதே ஆண்டில் வைத்தியாகரம், 1875 இல் இரசாயன நூலான கெமிஸ்தம், 1883 இல் மனுஷ சுகரணம் எனப் பட்டியல் நீளும். மொத்தம் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். இன்றைய பல்கலைக்கழகமொன்று ஒரு துறையையே அமைத்துச் செய்யத்தக்க பணி அது.

இந்நூல்களை அவர் தனித்து நின்று ஆக்கவில்லை. டான்வர்த், சப்மன் முதலிய மாணவர்கள் மொழிபெயர்ப்பில் அவருக்குக் கைகொடுத்தனர். அமெரிக்கப் பெயர்களைச் சூடியிருந்தாலும் இவர்கள் யாழ்ப்பாணத்துத் தமிழரே. மிஷனில் சேர்ந்தவர்களுக்கு அவ்வாறு பெயரிடுவது அந்நாளைய வழக்கம். மாணவர் மொழிபெயர்ப்பார், கிறீன் ஒப்பிட்டுத் திருத்துவார். கலைச்சொல்லாக்கத்திலும் அவருக்கென ஒரு நெறி இருந்தது. தமிழில் ஏற்ற சொல் உண்டாயின் அதையே கொள்வது, இல்லாதவிடத்து வடமொழியை நாடுவது, அதுவும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப மாற்றி வழங்குவது என்பன அந்நெறியின் படிகள். தாய்சேய் நலன், சுகாதாரம் முதலியன பற்றிப் பொதுமக்களுக்கான சிறு பிரசுரங்களையும் அவர் எழுதினார். வைத்தியருக்கு ஒரு நூல், நோயாளிக்கு ஒரு நூல் என்ற இரட்டைப் பார்வை அவரிடம் இருந்தமை வியப்புக்குரியது.

1866 - 67 காலப்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டைக் கொலரா நோய் சூறையாடியது. அந்நோய்க் கிருமியின் தன்மையை ஜெர்மானிய அறிஞர் றொபேட் கொக் தெளிவுபடுத்தியது 1880 களில்தான். எனவே எதனோடு போராடுகிறோம் என்பது முழுமையாகத் தெரியாமலேயே அன்றைய வைத்தியர்கள் போராட வேண்டியிருந்தது. கிறீனிடம் கற்ற இளைஞர்கள் நோய் பரவிய ஊர்களுக்கு அனுப்பப்பட்டனர். அஞ்சி நடுங்கிய கிராமத்தவர்களிடம் தமிழிலேயே பேசி, நீரையும் சுற்றாடலையும் தூய்மையாக வைத்திருக்கும்படி எடுத்துரைக்க அவர்களால் முடிந்தது. மருந்தைவிட நம்பிக்கையே பெரிதாகத் தேவைப்பட்ட வேளையில், அந்த நம்பிக்கையைத் தாய்மொழியே ஏற்படுத்திக் கொடுத்தது எனின் மிகையாகாது.

கிறீனின் வாழ்வை எழுதும்போது ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. அவர் மதம் பரப்ப வந்தவர். நோய் தீர்ப்பதும் கிறிஸ்தவத்தைப் பரப்புவதும் அவருடைய எண்ணத்தில் இணைந்தே இருந்தன. நோயுற்றுத் துவண்டு கிடப்பவரிடம் மதம் பேசுவது முறையா என்ற கேள்வி இன்றைய மருத்துவ அறத்தின் முன் நிற்கத்தக்க கேள்வியே. சைவரும் முஸ்லிம்களும் அதனைக் கேட்பதில் தவறில்லை. நாமும் கேட்கிறோம். ஆயினும், அவருடைய மற்றொரு பக்கத்தையும் கூறவேண்டும். தம்மிடம் கற்ற தமிழ் இளைஞர்கள் உடையிலும் நடையிலும் ஐரோப்பியராக மாறுவதை அவர் விரும்பவில்லை. கிறிஸ்தவராகலாம், ஆனால் தமிழராகவே இருக்கவேண்டும் என்பது அவருடைய உறுதியான நிலைப்பாடு. தம் மக்களிடமிருந்து அந்நியப்பட்ட வைத்தியர் அம்மக்களுக்கு வைத்தியம் பார்க்க இயலாது என்பதை அவர் கண்டிருந்தார். பெரியார் ஒருவரின் குறையையும் நிறையையும் சேர்த்தே அறிந்துகொள்வதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

தொடர்ந்த உழைப்பினால் உடல் தளர்ந்த கிறீன் 1873 இல் யாழ்ப்பாணத்தை விட்டு நிரந்தரமாக விடைபெற்றார். அறுபதுக்கும் மேற்பட்டோரை வைத்தியர்களாக ஆக்கிய பெருமை அவருடன் சென்றது. ஓய்வு கொள்ள வேண்டிய வேளையிலும் வூஸ்டரில் இருந்தபடியே தமிழ்ப் படிகளைத் திருத்தும் பணியைத் தொடர்ந்தார். மானிப்பாய்க்கும் வூஸ்டருக்கும் இடையே கையெழுத்துப் படிகள் கப்பலேறிச் சென்று வந்தன. தமிழ் பேசுவோர் எவருமில்லாத ஊரிலிருந்து தமிழுக்கு மருத்துவ நூல் ஆக்கிய வேறொருவரைக் காண்பது அரிது. 1884 மே 28 ஆம் திகதி, தாம் பிறந்த அதே பண்ணை வீட்டில் அவர் கண்மூடினார். தமது கல்லறையில் தாம் தமிழருக்குப் பணிசெய்த மருத்துவ ஊழியர் என்பது பொறிக்கப்பட வேண்டும் என அவர் விரும்பியிருந்தார். அவ்விருப்பம் நிறைவேற்றப்பட்டது.

ஆனால், அவர் கண்ட கனவு நீடிக்கவில்லை. அவருக்குப் பின்னர் தமிழ்வழி மருத்துவக் கல்வி தொடரவில்லை. ஆங்கிலமே மருத்துவத்தின் மொழியாக நிலைத்தது. அதனால் நன்மையே விளையவில்லை என நாம் கூறவரவில்லை. உலகத்தின் புத்தறிவை உடனுக்குடன் பெறுவதற்கு ஆங்கிலம் இன்றியமையாதது. இன்றைய மருத்துவக் கல்வியைத் தமிழுக்கு மாற்ற வேண்டும் என்பதும் எமது வாதமன்று. வைத்தியர் எம்மொழியிற் கற்றாலென்ன, நோயாளியுடன் பேசும் மொழி நோயாளியின் மொழியாக இருத்தல் வேண்டும் என்பதே கிறீன் விட்டுச்சென்ற அறம். திரியாய்த் தாயாருக்கு மறுக்கப்பட்டதும் அதுதான்.

நோயாளியின் சம்மதம் என்பது கையெழுத்தில் இல்லை, விளக்கத்தில் இருக்கிறது. விளங்காத சம்மதம் சம்மதமாகாது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்ட அவ்வுரிமை சத்திரசிகிச்சைக் கூடத்தின் வாயில் வரை வந்து சேரவில்லையாயின் அதனாற் பயன் என்ன? இது தமிழருக்கு மாத்திரமான பிரச்சினையும் அன்று. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் தாய்மாரும் இதே இடரை எதிர்நோக்குகின்றனர். தமிழ் மாத்திரமே பேசும் வைத்தியரிடம் வரும் சிங்களத் தாயாரின் நிலையும் இதுவே. அறம் இன, மத வேறுபாடு பார்ப்பதில்லை.

திருக்குறளின் மருந்து எனும் அதிகாரம், நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர் என நான்கையும் சேர்த்தே மருத்துவம் எனக் கூறுகிறது. வைத்தியரை மாத்திரம் தனியே நிறுத்தி அவர் தலையிலேயே அனைத்தையும் சுமத்தும் பார்வை எமது மரபில் இல்லை. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வாழ்ந்த பாரசீக மருத்துவ மேதை அர்ராஸி, வைத்தியர் அருகில் இல்லாத எளியோர் தாமே பயன்படுத்தத்தக்க மருத்துவ நூலொன்றை ஆக்கியதுடன், வைத்தியர் ஒழுக வேண்டிய முறைகளை விளக்கித் தம் மாணவருக்கு ஒரு மடலும் வரைந்தார். கிறீன் மானிப்பாயில் செய்ததை அர்ராஸி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே வேறொரு மொழியில், வேறொரு சமயச் சூழலில் செய்திருந்தார். நல்ல மருத்துவம் எங்கு பிறந்தாலும் அதன் முகச்சாயல் ஒன்றே.

வைத்தியர் தனித்து விடப்படும்போது என்ன நேரும் என்பதை அண்மைக்கால வரலாறும் எமக்கு உணர்த்தியுள்ளது. 2020 ஏப்ரலில், கொரோனாவால் இறந்தோரின் உடல்கள் அனைத்தும் தகனம் செய்யப்பட வேண்டும் என இந்நாட்டில் விதிக்கப்பட்டது. அடக்கம் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இடமளித்திருந்தும், முஸ்லிம்களின் உடல்கள், பச்சிளங் குழந்தை உட்பட, எரியூட்டப்பட்டன. கிறிஸ்தவர்களும் அந்த வேதனையைச் சுமந்தனர். அவ்வாறு தகனம் செய்வதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்பதை உணர்ந்த வைத்தியர்கள் பலர் இருந்திருப்பர். ஆனால், தனியொரு வைத்தியர் அதை எங்கே போய்ச் சொல்வது? சொன்னால் அவருக்குத் துணைநிற்பவர் யார்? 2020 இன் இறுதியிலும் 2021 இன் தொடக்கத்திலும் சமுதாய வைத்தியர் கல்லூரியும் இலங்கை மருத்துவச் சங்கமும் அடக்கம் செய்ய அனுமதிக்கலாம் என வெளிப்படையாகக் கூறின. 2021 பெப்ரவரியில் தடை நீங்கியது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கோரியது. ஓராண்டுக் காலம் மக்கள் பட்ட துயரத்தை மன்னிப்பு அழித்துவிடாது. ஆயினும், தனிமனிதரின் மௌனத்தைச் சங்கங்களின் குரலே உடைக்க முடியும் என்பதற்கு அது சான்று.

ஆகவே, வைத்தியர்களும் தாதியரும் குடும்பநல உத்தியோகத்தர்களும் நல்ல முடிவுகளை எடுக்க வேண்டும் என உபதேசிப்பதோடு எமது கடமை தீர்ந்துவிடாது. அவர்கள் அவ்வாறு முடிவெடுக்கக்கூடிய சூழலை ஏற்படுத்திக் கொடுக்க வேண்டும். சம்மதப் படிவங்கள் மும்மொழியிலும், எளிய நடையிலும் இருத்தல் வேண்டும். பெண்களுக்குப் பெண்களே எடுத்துரைக்கும் வகையில் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் பெரிய வைத்தியசாலைகளில் நியமிக்கப்பட வேண்டும். அந்தப் பொறுப்பை வான் சாரதியின் தோளில் ஏற்றுவது அவருக்கும் அநீதி, நோயாளிக்கும் அநீதி. தொலைக் கிராமத்தில் தனித்துப் பணியாற்றும் இளம் வைத்தியர், அறஞ்சார்ந்த சிக்கலொன்று எழும்போது இரவிலும் தொலைபேசியில் அழைத்து ஆலோசனை பெறத்தக்க மூத்த வைத்தியர் குழுவொன்று ஒவ்வொரு மாவட்டத்திலும் இருப்பது அவசியம். அங்கே கேட்கப்படும் கேள்விக்கு விடை கிடைக்க வேண்டும், கேட்டவர்மீது விசாரணை பாயக்கூடாது.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை அடுத்து வைத்தியர் பலர் நாட்டைவிட்டு வெளியேறினர். கிறீனின் முதல் மாணவர்கள் கூடிய சம்பளத்தை நாடிச் சென்றதை இது நினைவூட்டுகிறது. அவர்களை வைவதால் எவரும் திரும்பி வரப்போவதில்லை. கிறீனும் வையவில்லை. கிராமத்தில் தங்கிப் பணியாற்றுவது இயல்பாக அமையும் வண்ணம் தமது கல்விமுறையையே மாற்றினார். கிராமத்துப் பிள்ளைகள் மருத்துவத்துறைக்கு வருவதற்கும், வந்தவர்கள் மனநிறைவுடன் தங்குவதற்கும் ஏற்ற வீடு, பாடசாலை, பாதுகாப்பு ஆகியவற்றை வழங்குவதற்கும் ஆட்சியாளர் வழிகாண வேண்டும்.

பொதுமக்களாகிய எமக்கும் பங்குண்டு. நோயாளி இறந்துவிட்டால் வைத்தியசாலையின் கதவை உடைப்பதும், விசாரிக்காமலே வைத்தியரின் இனத்தையும் மதத்தையும் இழுத்து வதந்தி பரப்புவதும் எவருக்கும் நன்மை தராது. அச்சத்தில் இருக்கும் வைத்தியர் நோயாளியின் நலனைப் பார்க்கமாட்டார், தமது தற்காப்பையே பார்ப்பார். கேள்வி கேட்போம். அது எமது உரிமை. ஆனால் அமைதியாகவும் மரியாதையுடனும் கேட்போம். படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விளங்கிக்கொள்ளாமல் கைநாட்டு வைக்கமாட்டோம் எனப் பணிவுடன் கூறும் துணிவை எமது தாய்மாருக்கு ஊட்டுவோம்.

திரியாயிலிருந்து நாம் திரும்பிய வழியில், நிலாவெளியை அண்டிய கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் எம் கண்ணிற் பட்டது. சித்த மருத்துவம் கற்பிக்கப்படும் இடம் அது. தமிழும் மருத்துவமும் இன்னமும் ஒன்றோடொன்று உறவாடும் அந்த வளாகத்தைக் கடந்தபோது, மானிப்பாயின் பழைய திண்ணையொன்றில் அமர்ந்து ஒவ்வொரு உறுப்புக்கும் தமிழ்ச்சொல் தேடிய அந்த அந்நியரை நாம் நினைத்துக்கொண்டோம். அவர் தேடிக் கொடுத்த சொற்களுள் பல இன்று வழக்கிழந்திருக்கலாம். அவர் தேடியதற்கான காரணம் வழக்கிழக்கவில்லை. திரியாய்த் தாயாரிடம் அவருடைய மொழியில், அவர் கூசாத வகையில், நடக்கவிருப்பதை முன்கூட்டியே எடுத்துரைக்க ஒருவர் இருக்கும் நாளிலேயே டொக்டர் கிறீனுக்கு நாம் பட்ட கடன் தீரும். அந்நாள் விரைவில் வருவதற்குச் சம்பந்தப்பட்ட அனைவரும் ஆவன செய்ய வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.